பந்தெறியும் இளைஞனைத் தெரிந்து தெளிதல்

சாரணர் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், கழுத்தில் துணி முடிந்து, கையிற் கோலேந்தி, அணிவகுத்து நிற்கும் சிறுவரே நம் மனக்கண்முன் தோன்றுவர். அச்சொல்லின் பழம்பொருள் அதுவன்று. வேற்றிடஞ் சென்று, ஆங்குள்ளவற்றைப் பிறர் அறியாவண்ணம் கண்டு, தம்மை விடுத்தார்க்கு உள்ளவாறு வந்துரைப்போரே சாரணர் எனப்பட்டனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பழம்பொருளுக்கு ஒத்த தொழிலொன்று இன்றும் நடைபெறுகின்றது. பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் வல்லவராக வரத்தக்க இளைஞரைப் பள்ளி மைதானங்கள்தோறும் சென்று தேடுவோர் ‘ஸ்கவுட்’ என்றே வழங்கப்பெறுகின்றனர். அவரை யாம் சாரணர் என்றே ஈண்டுக் குறிப்போம். அவர் ஆராயும் பள்ளி மாணவனுக்கு வயது 17 அல்லது 18 இருக்கும். நாம் கல்லூரி வாயிலில் அடிவைத்த வயதும் ஏறக்குறைய அதுவே. ஆகலின், அவ்வயதினன் ஒருவனைப் பிறர் எங்ஙனம் அளந்தறிகின்றனர், அவ்வளவை எவ்விடத்துப் பிழைபடுகின்றது என்னும் ஆராய்ச்சி நமக்கும் பயன்படும் என்றெண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

ஆட்டத்தின் இயல்பு

பேஸ்பாலை அறியாதார் பொருட்டு ஒரு சிறிது கூறுதல் வேண்டும். கிரிக்கெட்டில் பந்து வீசுவோன் ஓடிவந்து, கையை நீட்டிச் சுழற்றி, பெரும்பாலும் பந்தைத் தரையிற் படச்செய்து எழுப்புகின்றான். பேஸ்பாலிலோ பந்தெறிவோன் ஓடிவருவதில்லை. 10 அங்குல உயரமுள்ள மண்மேட்டின்மேல் நின்று, முழங்கையை மடக்கி, மாங்காய்க்குக் கல்லெறிவான் போலத் தரையிற் படாமல் எறிகின்றான். அவன் மிதித்து நிற்கும் பலகைக்கும் மட்டையாளன்முன் கிடக்கும் தட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். அத்தட்டின் அகலமோ 17 அங்குலமே. மணிக்கு 90 மைல் வேகத்தில் விடப்பட்ட பந்து, ஒரு வினாடியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு கூறு கழிவதற்குள் மட்டையாளனை அடைந்துவிடும். அடித்தற்குரிய எல்லையினூடே செல்லும் பந்து ‘ஸ்டிரைக்’ ஆகும். மட்டையாளன் வீசித் தவறவிட்ட பந்தும் அவ்வாறே எண்ணப்படும். மூன்று ஸ்டிரைக் ஆயின் அவன் ஆட்டமிழப்பான். எல்லைக்குப் புறம்பே நான்கு பந்து எறியப்பட்டு, அவற்றை அவன் அடிக்க முயலாதிருப்பின், யாதொரு முயற்சியுமின்றி முதற்றளத்தைப் பெறுவான். ஆட்டத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் பந்தெறிவோன் கையிலே தங்கியிருத்தலின், நல்லானொருவனைத் தேடிக் கொள்வதற்குக் குழுக்கள் பெருமுயற்சி செய்கின்றன.

‘மேஜர் லீக்’ எனப்படும் தலைமைக் குழுக்கள், 1965-ஆம் ஆண்டு முதல், முறைவைத்து இளைஞரைத் தேர்ந்துகொள்கின்றன. ஒரு குழு தேர்ந்தவனை அப்பொழுது மற்றொரு குழு விலைபேசுதல் இயலாது. தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி மாணவன் பணம் பெற்றுக் கையொப்பமிடலாம். அன்றி, அதனை மறுத்துக் கல்லூரிக்குச் செல்லலாம். நான்காண்டுக் கல்லூரியிற் சேர்வானாயின், மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது நிரம்பும்வரை பொதுவாக மீண்டும் தேர்வுக்கு உரியனாகான். ஒரு கோடைகாலத்திற் செய்யப்படும் முடிவு அவன் வாழ்நாளின் போக்கையே திருப்பிவிடுதல் கூடும். அம்முடிவுக்கு வித்தாக இருப்பது மைதானத்தின் ஓரத்தில் நின்று சாரணர் எழுதிய அறிக்கையேயாம்.

சாரணர் காண்பன யாவை?

பள்ளி ஆட்டத்தில் ஒருவன் பெற்ற வெற்றிகளைக் கணக்கிட்டாற் போதாதோ எனின், போதாது. என்னை? அவனை எதிர்த்து நிற்கும் மட்டையாளர் அனைவரும் ஒரு தரத்தினர் அல்லர். நாளை வேறு தொழில்களுக்குச் செல்லவிருக்கும் மாணவரே அவருட் பெரும்பாலார். அவர்களை வெறும் வேகத்தாலேயே வென்றுவிடலாம். ஆதலின் வெற்றிகள் பலவற்றைக் குவித்தவனிடத்திலும், மேற்சென்று தேறுதற்கு வேண்டும் வித்தைகள் இன்னும் முளைவிடாமலே இருத்தல் கூடும். சாரணர் நோக்குவது ஆட்டத்தின் முடிவையன்று, எறியும் முறையையே.

முதலாவது, உடலமைப்பு. உயரம், தோளின் அகலம், கைகால்களின் நீளம் ஆகியவற்றை நோக்குவர். இன்னும் வளர்ச்சிக்கு இடமுண்டோ என்று ஆராய்வர். இதன்பொருட்டுத் தாய் தந்தையரின் உயரத்தையும் கண்டு குறிப்பாருண்டு.

இரண்டாவது, எறியும் இயக்கம். கால் தூக்குதல் முதல் பந்து விடுதல் ஈறாக உள்ள அசைவுகள் ஒரே ஒழுங்காக வருகின்றனவா என்று காண்பர். முன்வைத்த கால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஊன்றுகின்றதா? கை ஒரே உயரத்திலிருந்து பந்தை விடுகின்றதா? இடுப்பும் தோளும் முறையே திரும்பி வேகத்தைத் தருகின்றனவா, அன்றி முழங்கை ஒன்றே சுமை முழுதையும் தாங்குகின்றதா? இவற்றைக் காண்பதற்காகச் சாரணர் சிறிது நேரம் பக்கவாட்டிலும் சிறிது நேரம் தட்டின் பின்புறத்திலும் இடம் மாறி நிற்பர். பக்கத்தில் நின்றாற் கையின் இயக்கம் தெரியும். பின்னே நின்றாற் பந்தின் போக்குத் தெரியும்.

மூன்றாவது, பந்தின் வகைகள். நேரே விரைந்து வருவது ஒன்று. சுழன்று வளைந்து வீழ்வது ஒன்று. விரைவுப் பந்து போலவே கையசைவு காட்டி, மெல்ல வந்து ஏமாற்றுவது மற்றொன்று. இம்மூன்றாவதைப் பள்ளி மாணவன் ஆட்டத்திற் பெரும்பாலும் எறியான். அவனுக்கு அது தேவைப்படுவதில்லை. ஆகவே, தேர்ந்த சாரணர் ஆட்டத்திற்கு முன்னரே வந்து, அவன் ஓரமாக நின்று கையைச் சூடேற்றிக்கொள்ளும்பொழுது அப்பந்தை எவ்வாறு எறிகின்றான் என்று காத்திருந்து காண்பர்.

நான்காவது, குறி தவறாமை. ஸ்டிரைக் எறிதல் ஒன்று. பிடிப்போன் கையுறை காட்டிய இடத்திலேயே எறிதல் வேறொன்று. முன்னையதினும் பின்னையது அரிது.

ஐந்தாவது, மனநிலை. தன் தோழன் பந்தைக் கைநழுவ விட்டபொழுது இவன் முகஞ்சுளிக்கின்றானா? நடுவர் தீர்ப்புத் தனக்கு மாறாக வந்தவழி அடுத்த பந்தைச் சினத்தோடு எறிகின்றானா? தோற்கும் நாளில் எவ்வாறு நிற்கின்றான்? இவற்றை எந்தக் கருவியும் காட்டாது. பன்முறை வந்து கண்டவர்க்கே இவை புலப்படும்.

ஆறாவது, அக்கை இதுகாறும் எவ்வளவு உழைத்தது என்பது. ஓராண்டில் எத்தனை மாதங்கள் ஓய்ந்திருக்கின்றான்? ஒரு நாளில் எத்தனை பந்துகள் எறிந்தான்? எத்தனை நாள் கழித்து மீண்டும் மேடேறினான்? இதனை எளிதில் மறந்துவிடுவாருளர். அதனால் விளையுந் தீங்கினைப் பின்னர்க் கூறுவாம்.

இருவகை எண்கள்

இங்ஙனம் கண்டவற்றைச் சாரணர் எண்களாக்கி எழுதுவர். அவருடைய அளவுகோல் 20-இல் தொடங்கி 80-இல் முடியும். 50 என்பது தலைமைக் குழுவில் ஆடுவோரின் நடுத்தரம். 80 என்பது மிக அரிதாகக் கிடைப்பது. இதிற் கருதத்தக்க நுட்பம் யாதெனின், ஒவ்வொரு திறத்திற்கும் இரண்டு எண்கள் இடுதலேயாம். ஒன்று, இன்று உள்ள நிலை. மற்றொன்று, பின்னாள் அடையக்கூடும் என்று கருதும் நிலை. ஒருவனது வளைபந்துக்கு இன்று 35 இட்டு, நாளைக்கு 55 இடலாம். முதலெண் கண்ணாற் கண்டது. இரண்டாம் எண் கருத்தாற் கண்டது. சாரணரின் புலமை முழுதும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலேயே அடங்கியிருக்கின்றது.

நிற்க. 1970-களில் பந்தின் வேகத்தை அளக்கும் ராடார் கருவி மைதானங்களிற் புகுந்தது. அதற்குமுன் கண்ணும் காதுமே அளவுகோல். இக்கருவி பெருநன்மை செய்தது என்பதை மறுத்தற்கில்லை. ஒருவன் முதற்பகுதியில் 92 மைலும் ஐந்தாம் பகுதியில் 86 மைலும் எறிந்தால், அவன் தளர்ச்சி உடனே வெளிப்படும். ஆனால் எளிதில் அளக்கத்தக்கது எதுவோ அதுவே சிறந்தது என்று மயங்குதல் மக்கள் இயல்பு. மற்றைய ஐந்து திறங்களையும் ஆராய்தற்குப் பல நாள் வேண்டும். வேகத்தை அறிதற்கு ஒரு நொடி போதும்.

நால்வர் வரலாறு

இக்கலையின் அருமையை விளக்க நால்வர் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

டெக்ஸாஸ் மாகாணத்து ஆல்வின் என்னும் ஊரில் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற நோலன் ரயன் என்பவரை, 1965-ஆம் ஆண்டுத் தேர்வில், நியூயார்க் மெட்ஸ் குழுவினர் பன்னிரண்டாம் சுற்றிலே எடுத்தனர். அவருக்குமுன் 294 இளைஞர் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டனர். ரெட் மர்ப் என்னும் சாரணர் ஒருவரே அவர்மீது தளராத நம்பிக்கை வைத்திருந்தார். அக்குழுவின் மேலதிகாரி நேரிற் காண வந்த நாளில் ரயன் நன்றாக எறியவில்லை என்பது பலருங் கூறும் செய்தி. அன்றைய ஆட்டத்தையே கண்டு தீர்ப்புக் கூறியிருப்பின், அவர் தேர்ந்தெடுக்கப்படாமலே போயிருத்தல் கூடும். பின்னர் ரயன் 1993 வரை ஆடி, 5,714 மட்டையாளரை ஸ்டிரைக்கினால் வீழ்த்தினார். அவ்வெண்ணைக் கடந்தார் இன்றளவும் இல்லை.

கிரெக் மாடக்ஸ் என்பவர் லாஸ் வேகாஸ் நகரத்துப் பள்ளி மாணவர். மெலிந்த உடலினர். 1984-ஆம் ஆண்டில் சிகாகோ கப்ஸ் குழுவினர் அவரை இரண்டாஞ் சுற்றில், முப்பத்தோராவது ஆளாக எடுத்தனர். வேகத்தால் அச்சுறுத்தும் ஆற்றல் அவருடையதன்று. குறி தவறாமையும் மட்டையாளனின் எண்ணத்தை முன்னறியும் நுட்பமுமே அவர் படைக்கலங்கள். அவர் 355 ஆட்டங்களில் வெற்றி பெற்றார். 5,000-க்கு மேற்பட்ட ஆட்டப் பகுதிகளில் எறிந்தும், நான்கு பந்து தவறி அவர் இலவசமாகத் தளம் ஈந்தது 999 முறையே. ராடார் கருவி ஒன்றையே நம்புவார் கையில் இவர் நழுவிப்போயிருத்தல் கூடும்.

டேவிட் கிளைட் என்பவர் ஹூஸ்டன் நகரத்துப் பள்ளியில் இறுதியாண்டில் 18 ஆட்டங்களில் வென்று, ஒன்றிலேனும் தோலாதவர். 1973-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் குழுவினர் நாட்டிலேயே முதல்வராக அவரைத் தேர்ந்தனர். அவருக்கு வயது 18. பயிற்சிக்குரிய கீழ்நிலைக் குழுக்களில் ஒரு நாளும் ஆடாமலே, அவ்வாண்டு ஜூன் 27-ஆம் நாள் தலைமைக் குழுவின் மேட்டில் ஏற்றப்பட்டார். அக்குழுவுக்கு அப்பொழுது வேண்டியிருந்தது கூட்டம். கூட்டமும் 35,000-க்கு மேல் வந்தது. ஐந்து பகுதிகளில் எட்டுப் பேரை வீழ்த்தி, ஓர் அடியையே கொடுத்து, அவர் வெற்றியும் பெற்றார். ஆனால் அதே ஐந்து பகுதிகளில் எழுவருக்கு இலவசமாகத் தளம் ஈந்தார் என்பதை ஆரவாரத்தினிடையே எத்துணைப் பேர் கருதினரோ! அவரைப் பக்குவப்படுத்த எவரும் பொறுத்திருக்கவில்லை. கை வருத்தமுற்று, 1979-க்குப் பின் அவர் தலைமைக் குழுவில் எறியவில்லை. வெற்றி 18, தோல்வி 33 என்பதே அவர் கணக்கு. சாரணர் அவர் கையைப் பிழைபட மதித்தார் என்று கூறுதற்கில்லை. நாளைக்குரிய எண்ணை இன்றைக்குரியதாக எடுத்துச் செலவிட்டதே ஆங்கு நேர்ந்த பிழை.

நான்காமவர் வட கரோலினா மாகாணத்துப் பிரையன் டெயிலர். 1991-ஆம் ஆண்டில் நியூயார்க் யாங்கீஸ் குழுவினர் முதல்வராகத் தேர்ந்து, 15,50,000 டாலர் கொடுத்தனர். 1993-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கைகலப்பொன்றில் அவரது எறியுந் தோள் ஊறுபட்டது. அவர் தலைமைக் குழுவில் ஒரு பந்தும் எறியாமலே ஆட்டத்தினின்றும் நீங்கினார். இதனை எந்தச் சாரணர் முன்னறிந்திருக்கக் கூடும்? அறிவின் எல்லை இத்துணையதே என்று பணிதலும் இக்கலையின் ஒரு கூறு.

1965 முதல் 2025 வரை நடந்த தேர்வுகளில், பள்ளியிலிருந்து நேரே முதல்வராக எடுக்கப்பட்ட பந்தெறிவோர் மூவரே; மூவரும் இடக்கையர். வலக்கையான் ஒருவனையும் அவ்விடத்தில் வைக்க எக்குழுவும் துணியவில்லை. பள்ளிப் பருவத்துக் கையை மதித்தல் எத்துணை ஐயப்பாடு உடையது என்பதற்கு இதுவே போதிய சான்றாம்.

அளவுகோலே ஊறு செய்தல்

இதுகாறுங் கூறியவற்றாற் சாரணர் வெறுங் காண்போர் என்றே எண்ணத் தோன்றும். அஃது உண்மையன்று. பொன்னை உரைகல்லில் உரைத்தாற் பொன் தன் மாற்றை மாற்றிக்கொள்வதில்லை. மனிதனோ தன்னை அளப்பவர் எதை விரும்புகின்றார் என்றறிந்து, அதற்கேற்பத் தன்னை வளைத்துக்கொள்கின்றான். சாரணர் வேகத்தை மதிக்கின்றனர் என்று கண்ட சிறுவன், கருவியேந்திய கைகள் தன்னை நோக்கி உயரும்பொழுதெல்லாம் உடலின் வலிமை முழுவதையும் ஒவ்வொரு பந்திலும் செலுத்துகின்றான். ஓய்வு மாதங்களையும் எறிதலிலே கழிக்கின்றான்.

அதனால் அழிவது முழங்கையின் உட்புறத்து எலும்புகளைப் பிணைக்கும் சிறுநார். தசையைப் பயிற்சியாற் பெருக்கலாம். இந்நார் அவ்வளவு எளிதில் உரம்பெறுவதில்லை. அஃது அறுந்தால், முன்னாளிற் பந்தெறிவோனின் தொழில் முடிந்தது என்பதே பொருள். 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிராங்க் ஜோப் என்னும் மருத்துவர், டாமி ஜான் என்னும் ஆட்டக்காரரின் மற்றைக் கையிலிருந்து ஒரு நாரை எடுத்து முழங்கையிற் பொருத்தினார். 1976-இல் டாமி ஜான் மீண்டும் எறிந்தார். அதன்பின் 164 வெற்றிகளும் பெற்றார். அச்சிகிச்சை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

முதிர்ந்த ஆட்டக்காரர்க்கென எழுந்த அச்சிகிச்சை இன்று சிறுவரை வந்தடைந்திருக்கின்றது. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இத்தகைய சிகிச்சைகளை மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளால் ஆராய்ந்தோர், சிகிச்சை பெற்றாருட் பாதிக்கு மேற்பட்டோர் 15 முதல் 19 வயதினர் என்று கண்டனர். தலைமைக் குழுக்களில் விரைவுப் பந்தின் சராசரி வேகம் 2008-இல் 91 மைலளவில் இருந்தது. 2024-இல் 94 மைலளவுக்கு ஏறியது. மேஜர் லீக் அமைப்பே 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வேகத்தையே நாடி ஒவ்வொரு பந்தையும் முழு வலிமையோடு எறிதல் இக்கேட்டிற்குத் தலையாய காரணங்களுள் ஒன்றென உரைக்கப்பட்டது.

இதற்கு மாற்றுத் தேடாமலும் இல்லை. 2014-இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகளின்படி, 17, 18 வயதினர் ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் எறியலாகாது. 81 அல்லது அதற்கு மேற்பட்ட பந்துகள் எறிந்தவர்க்கு நான்கு நாள் ஓய்வு வேண்டும். 2017 முதல், உயர்நிலைப் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பு ஒவ்வொரு மாகாணமும் பந்தின் எண்ணிக்கைக்கு வரம்பு வகுத்தல் வேண்டும் என விதித்தது. ஆயினும் விதி காப்பது ஓரளவே. பள்ளிக்காக 100 பந்து எறிந்த மாணவன், வாரக்கடைசியில் வேறொரு குழுவிற்காக வேறோர் ஊரில் எறிவானாயின், அவ்விரண்டையுஞ் சேர்த்துக் கூட்டுவார் யார்? அதனைக் கேட்டறிந்து எழுதவல்லவர் சாரணரே. ஆறாவதாக யாம் கூறிய கேள்வியை அவர் முதலாவதாகக் கேட்பாராயின், தம் குழுவுக்கும் நன்மை செய்வார். அச்சிறுவனுக்கும் நன்மை செய்வார். வேகத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போவாராயின், தாம் தேடிவந்த பொருளைத் தாமே தேய்த்தவராவார்.

முடிவுரை

இவ்வாராய்ச்சியால் யான் கண்டது இது. இளையோன் ஒருவனை மதிப்பிடுவோர் அவனுக்கு வெளியே நின்று அளப்பவரல்லர். அவர் எதை அளக்கின்றாரோ அதுவாகவே அவன் ஆக முயல்வான். ஆதலின் எதை அளப்பது என்று தெரிந்துகொள்ளும்பொழுதே அவனைக் காக்கும் பொறுப்பும் அவர்மேல் வந்துவிடுகின்றது.

நம் பரீட்சைத் தாள்களில் ஓர் எண்ணே இடப்படுகின்றது. அஃது அன்றைய நாளின் எண். அதனையே நம் வாழ்வுக்குரிய எண்ணாகக் கருதி, உயர்ந்தவழிச் செருக்குறுவதும் தாழ்ந்தவழிச் சோர்வதும் எம்மனோர் இயல்பாயிருக்கின்றது. உறக்கத்தையும் உடலையும் செலவிட்டு அவ்வொரு நாள் எண்ணைப் பெருக்க முயல்வாரும் நம்மிடையே உளர். ஆசிரியப் பெருமக்கள் தாளில் எழுதாவிடினும், தம் மனத்தில் இரண்டாம் எண்ணொன்றையும் எமக்கு இட்டுவைத்திருப்பர் என்று நம்புகின்றேன். ஆல்வின் ஊர்ச் சிறுவன் தோற்ற நாளிலும் அவன் கையைக் கண்டறிந்தார் ஒருவர் இருந்தார். அத்தகையார் ஒருவரேனும் கிடைக்கப்பெற்ற மாணவன் பேறுடையவன். நாமும் பின்னாளிற் பிறரை மதிப்பிடும் இடத்திற்கு வரும்பொழுது, கிளைட் என்னும் 18 வயதினரின் முதல் ஆட்டத்தையும், அன்று அவர் ஈந்த ஏழு தளங்களையும் நினைவிற் கொள்வோமாக.